மடியில் வைத்த பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

அதிவேக நெடுஞ்சாலைகளில் போகும் வாகனங்களில் எல்லோரும் ஆசனப்பட்டி அணிய வேண்டும் என்ற விதி 2025 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ அதிவேக நெடுஞ்சாலை கிடையாது. எங்கள் பிள்ளைகள் போய்வருவது கல்முனை வீதியிலும், வாழைச்சேனை தாண்டி வெலிக்கந்தை, ஹபரணை வழியாக மேற்கே போகும் வீதியிலும்தான். அந்த வீதிகளில் கைக்குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு போவதைப் பற்றி, குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் வேன்களை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து மகளோ மருமகனோ லீவில் வருகிறார்கள் என்றால் ஊரில் ஒரு ஹயஸ் வேனைப் பிடித்து, வீட்டார் எல்லோருமாக ஏறி, இரவோடு இரவாகப் போய்த் திரும்புகிறோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளுக்கு, வாகன இருக்கையில் பொருத்திப் பட்டி போட்டு இருத்தும் சிறுவர் ஆசனம் கட்டாயம். மீறினால் 400 திர்ஹம் தண்டம். பத்து வயது ஆகாத பிள்ளையை முன் இருக்கையில் ஏற்றவும் கூடாது. டுபாய் விமான நிலையம் வரை பட்டி போட்டு ஆசனத்தில் இருந்து வந்த பிள்ளை, இங்கே இறங்கியதும் அம்மம்மாவின் மடிக்கு வந்துவிடுகிறது. ஆசையில்தான் தூக்கி வைக்கிறோம். அதற்குப் பிறகு 300 கிலோமீற்றர் அளவான பயணம் இருக்கிறது. சாரதி மாலையிலிருந்தே ஓட்டிக்கொண்டிருப்பவர். ஹபரணைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையில் யானை வீதிக்கு வரும். அதைத் தாண்டி நம் பக்கம் வந்தால் நடுவீதியில் மாடு படுத்திருக்கும். எந்த நேரத்தில் பிரேக் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் மோதினால், பட்டி போடாத பிள்ளை தன் நிறையைப் போல 30 முதல் 60 மடங்கு விசையோடு முன்னால் எறியப்படும். எட்டுக் கிலோ நிறையுள்ள பிள்ளை என்றால் குறைந்தது 240 கிலோ. எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது, எவ்வளவு இறுக்கி அணைத்திருந்தாலும் சரி. தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஒரே பட்டியைப் போடுவதோ இன்னும் ஆபத்து. தாயின் பாரம் முழுவதும் பிள்ளையின் மேல்தான் வந்து விழும். முன் இருக்கையில் பிள்ளையை மடியில் வைத்திருப்பவர்கள், தங்களுக்கு முன்னால் காற்றுப்பை இருக்கிறதா என்றும் யோசிக்க வேண்டும். அது கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும். பெரியவர்களைக் காப்பாற்றுகிற அந்தப் பையே கைக்குழந்தையைக் கொன்றுவிடக்கூடும்.

சிறுவர் ஆசனம் பாவித்தால் பிள்ளை இறக்கும் ஆபத்தை சுமார் 60 வீதம் குறைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கைக்குழந்தையை அதில் பின்பக்கம் பார்த்தபடி இருத்த வேண்டும். பிறந்த பிள்ளையின் தலை அதன் உடல் நீளத்தில் காற்பங்கு. கழுத்தோ இன்னும் பலப்படாதது. பின்பக்கம் பார்த்து இருந்தால் மோதலின் விசையை முதுகு முழுவதும் தாங்கும், கழுத்து தனியாகத் தாங்க வேண்டியதில்லை. புதிய ஐரோப்பியத் தரமான ஆர் 129, குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் இருத்த வேண்டும் என்கிறது.

இதெல்லாம் எங்கள் ஊருக்குச் சரிவருமா என்று கேட்பார்கள். எங்கள் வீதிகளில் ஓடும் கார்களில் பல ஜப்பானில் பாவித்து வந்தவை. அங்கே ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சிறுவர் ஆசனம் 2000 ஏப்ரலிலிருந்தே கட்டாயம். பின் இருக்கைக்கும் சாய்வுக்கும் இடையில் கையை விட்டுப் பாருங்கள். பல கார்களில் ஆசனத்தைக் கொழுவுவதற்கான இரும்பு வளையங்கள் ஏற்கெனவே இருக்கும். பிள்ளை அழும் என்பது அடுத்த கேள்வி. அழத்தான் செய்யும். தடுப்பூசிக்கும் அழுகிற பிள்ளைதானே, அதற்காக ஊசியை விட்டுவிடுகிறோமா?

விலை பெரிய தடை என்பது எனக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டி கட்டும்போது ஒரு ஆசனத்தையும் சேர்த்துக் கொண்டுவரலாம். பிள்ளை வளர்ந்ததும் உறவுக்குள் கைமாற்றலாம். ஆனால் ஒரு தடவை விபத்தில் அகப்பட்ட ஆசனத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும் உள்ளே பலம் போயிருக்கும்.

கார் இல்லாத வீடுகள்தான் எங்களிடம் அதிகம். ஓட்டோவில் ஆசனத்தைக் கட்ட வழியில்லை. ஆகவே பிள்ளையை ஓரத்தில் வைக்காமல், இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் இருத்துங்கள். சாரதியின் பக்கத்தில் ஏற்றவே வேண்டாம். மோட்டார் சைக்கிளில் பெற்றோல் டேங்கின் மேல் பிள்ளையை இருத்திக்கொண்டு, தகப்பன் மட்டும் ஹெல்மெட் போட்டு ஓட்டுவதைத் தினமும் காண்கிறோம். எனக்கு மிகவும் பயமாக இருப்பது அதுதான். இந்தியாவில் 2023 பெப்ரவரியிலிருந்து, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையான பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டியும், பிள்ளையின் தலைக்கு அளவான ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது. எங்கள் வீடுகளுக்கு இந்த விதி நன்றாகவே பொருந்தும். வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபை இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு மாவட்டங்களின் சுகாதார அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள் போகாத வீடு இல்லை. கர்ப்பிணிக் கிளினிக்கில் சாப்பாடு, இரும்புச்சத்து மாத்திரை, தாய்ப்பால் எல்லாவற்றையும் பேசுகிறோம். பிள்ளை எதில் வீட்டுக்குப் போகப்போகிறது என்பதையும் அங்கேயே கேட்க வேண்டும். பிரசவ விடுதியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் கேட்டால் காலம் கடந்துவிடும். வாசலில் ஓட்டோ வந்து நிற்கும். ஏழாம், எட்டாம் மாதத்திலேயே கேட்டால் யாரிடமாவது ஆசனம் கேட்டு வாங்க அவகாசம் இருக்கும். இதைப் பேச எந்தக் கிளினிக் அழைத்தாலும், அது பொத்துவிலாக இருந்தாலும் வாகரையாக இருந்தாலும், நான் வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
களுவாஞ்சிக்குடி.