மூன்றாவது மெஷினுக்கு முன்

கண்ணு,

பெங்களூரு பீன்யாவில் உள்ள உன் மெஷின் கடைக்கு வந்திருக்கும் புது ஆர்டரைப் பற்றி நீ சொன்னதிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. மாதம் 6 லட்சம் பில் 12 லட்சமாவது சந்தோஷம்தான். ஆனால் மூன்றாவது சிஎன்சிக்கு (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) அட்வான்ஸ் கட்டும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்.

கூடுதல் 6 லட்சம் வேலைக்கு உலோக ராடு 2.5 லட்சம், அதற்கு ஜிஎஸ்டி 45,000. கூலி, கரண்ட், இன்சர்ட் (வெட்டும் முனை) எல்லாம் 2 லட்சம் என்று வை. உன் பில்லுக்கு ஜிஎஸ்டி 1.08 லட்சம், ராடுக்குக் கட்டியதைக் கழித்தால் 63,000. பார்ட்டி பணம் தந்தாலும் தராவிட்டாலும் அதை அடுத்த மாதம் 20-க்குள் கட்டியாக வேண்டும். ஆக மாதம் 5.58 லட்சம் கையை விட்டுப் போகிறது. 90 நாள் கடன் என்றால் முதல் காசு வருவதற்குள் ஏறக்குறைய 16.7 லட்சம் முடங்கும். 45 நாள் என்றால் பாதி. ஆர்டர் குவிந்திருந்தும் ராடு வாங்கக் காசில்லாமல் மெஷின் நிற்பது இப்படித்தான்.

சிறுதொழில் பதிவான உத்யம் எண்ணை பில்லிலேயே அச்சிடு. குறு, சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள் என்று 2006 சட்டம் சொல்கிறது. பிஓவில் (அவர்கள் தரும் ஆர்டர் சீட்டு) 90 என்று போட்டிருந்தாலும் 45தான். கெடு தாண்டி நிற்கும் தொகையை, கொடுக்கும் வரை வாங்கியவர் செலவாகக் காட்ட வருமான வரியில் விடுவதில்லை; 2023-24 கணக்கிலிருந்தே அப்படி. அதனால் கணக்கு முடிக்கும் மார்ச்சில் கேட்டால் காது கொடுப்பார்கள்.

நாள் எண்ணுவது பில் தேதியிலிருந்து அல்ல, சரக்கு இறங்கிய நாளிலிருந்து. டெலிவரி சலானின் உன் காப்பியில் கேட் சீல், தேதி, கையெழுத்து மூன்றும் வேண்டும். டிரைவர்கள் வெறும் கையெழுத்தோடு வந்துவிடுவார்கள், விடாதே. பில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னதுதான்: பிஓ எண் விடுபட்டிருக்கும், சலானில் 500, பில்லில் 498 இருக்கும், இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் கூடப் போயிருக்காது. பர்ச்சேஸில் கேட்டால் "பார்க்கிறேன்" என்பார்கள். சரக்கு போன மூன்றாம் நாளே அக்கவுண்ட்ஸுக்குப் போன் போட்டு ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்த பதிவு) ஏறியதா என்று கேள். தமிழ் பேசுபவர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உன் கன்னடமே போதும்.

250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனி என்றால் டிரெட்ஸில் (சிறுதொழில் பில்லை வைத்து முன்கூட்டியே பணம் வாங்கும் ஆன்லைன் தளம்) சேர்ந்திருக்க வேண்டும். அவர்கள் பில்லை ஏற்றதும் வங்கிகள் போட்டி போட்டு, வட்டியைக் கழித்துப் பணம் தரும். பார்ட்டி பிறகு கட்டாவிட்டாலும் உன் கழுத்தைப் பிடிக்காது. பணம் தாமதமானால் முறையிடும் அரசு போர்ட்டலில் புகார் போடுவது கடைசி வழி, அத்தோடு அந்த ஆர்டரும் போய்விடும்.

முதலில் பிஓவில் 45 நாள் என்று எழுதி வாங்கு. மாட்டேன் என்றால் ராடை அவர்களே தரட்டும், நீ கூலிக்குக் கடைந்து தரும் ஜாப் ஒர்க் மட்டும் செய். மாதம் 2.95 லட்சம் உன் கையிலிருந்து போகாது. மெஷினை அப்புறம் பார்க்கலாம்.

அம்மா