பானையைக் கழுவாதீர்கள், சாம்பல் மண்ணைக் கொட்டாதீர்கள்: தொல்லியல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலையில் எங்கள் சிற்றூரில் குடிநீர்த் தொட்டிக்காகத் தோண்டிய குழியில் பானைகளும் அரைகல்லும் சாம்பல் படிந்த மண்ணடுக்கும் வெளிப்பட்டதும், தகவல் கிடைத்துத் தாங்கள் ஆட்களை அனுப்பி வைத்ததும் தங்கள் கோப்பிலேயே இருக்கும் என்பதால் அவற்றை நான் மீண்டும் விரித்துரைக்கவில்லை. கோப்பில் ஏறியிருக்க வாய்ப்பில்லாத ஒன்றை மட்டும் தெரிவிக்க விரும்புகிறேன்.

கிடைத்தவற்றுள் ஒரு பானை வாய் உடையாமல் இருந்தது. அதன் உட்புறத்தில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, பொங்கித் தீய்ந்தது போன்ற கறுப்புப் பற்று விரலகலத்துக்கு ஒட்டியிருந்தது. வந்திருந்த பணியாளர் அந்தப் பானையைத் தெருக்குழாயடியில் வைத்து, சோப்புத்தூள் போட்டு, கம்பி நாரால் தேய்த்தார். அப்படியே விட்டுவிடுங்கள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டபோது, அழுக்கோடு எப்படிப் படம் எடுப்பது என்று பதில் வந்தது. அவரை நான் குறை கூறவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாம்பல் மண்ணோ டிராக்டரில் ஏறிப்போய்ச் சாலையோரப் பள்ளத்தை நிரப்பியது.

மண்பானையின் சுவர் நுண்துளைகள் நிறைந்தது என்பதும், சமைக்கும்போது கசியும் கொழுப்பு அத்துளைகளில் ஊறிப் பல்லாயிரம் ஆண்டுகள்கூடத் தங்கும் என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. பானை ஓட்டுத் துண்டைச் சிறிது பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து, பிரிந்து வரும் கொழுப்பு அமிலங்களின் கரிம ஐசோடோப்பு (எடை வேறுபட்ட கரிம அணுக்கள்) விகிதத்தை அளந்து, அந்தப் பானையில் வெந்தது ஆட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா, காய்ச்சியது பாலா என்று பிரித்தறிகிறார்கள். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு எவர்ஷெட் குழுவினர் இம்முறையை வளர்த்தெடுத்தார்கள். வெறுங்கையால் தொட்டால் தோலின் எண்ணெய் ஓட்டில் படியும், பிளாஸ்டிக் பையில் இட்டால் அதன் வேதிப்பொருள் கலக்கும் என்று அஞ்சி, அத்தகைய ஓடுகளை அலுமினியத் தாளில் பொதிந்து அனுப்புவார்கள். எங்கள் பானைக்குச் சோப்புத்தூள் வாய்த்தது.

சாம்பல் மண்ணின் இழப்பு இதனினும் பெரிது. அடுப்பில் சிந்திக் கரிந்த தானியம் மக்குவதில்லை. அந்த மண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் கரைத்துக் கலக்கினால், கல்லும் மண்ணும் அடியில் தங்க, கரிந்த மணிகள் மேலே மிதந்து வரும். அவற்றை நுண்ணிய சல்லடையில் வடித்து, நிழலில் உலர்த்தி, நுண்ணோக்கியில் பார்த்தால் எந்தத் தானியம், கூடவே என்ன களை விதை, உமி நீக்கியதா நீக்காததா என்பதுவரை தெரியவரும். கர்நாடகத்தின் பல்லாரிப் பகுதியில் சங்கனக்கல்லு முதலிய புதிய கற்கால ஊர்களின் மண்ணை தொல்லியலாளர்கள் டோரியன் ஃபுல்லர், ரவி கோரிசெட்டர் முதலானோர் இப்படி மிதக்கவிட்டு ஆராய்ந்ததால்தான், அங்கே தொடக்க கால வேளாண் மக்கள் கொள்ளையும் பாசிப்பயற்றையும் இருவகைச் சிறுதானியங்களையும் முதன்மையாக நம்பி வாழ்ந்தார்கள் என்பதும், கோதுமையும் வாற்கோதுமையும் பின்னால் வந்து சேர்ந்தன என்பதும் தெரிந்தன. நமக்கு அருகே, திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியிலும் 1960களில் நடந்த அகழாய்வில் கரிந்த கொள்ளும் பயறும் கிடைத்தன. எங்கள் மலையின் மெருகேற்றிய கற்கோடரிகளை ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவு செய்துவிட்டார். அவை பிள்ளையார் கோயில்களில் சாமியாகவும் இருந்திருக்கின்றன. ஆனால் கோடரி பிடித்தவர் என்ன உண்டார் என்பதைச் சாம்பல்தான் சொல்ல வேண்டும். கேழ்வரகு ஆப்பிரிக்காவில் தோன்றிய பயிர். அது எக்காலத்தில் இம்மலை ஏறி எங்கள் வீட்டுக் களியாயிற்று என்பதற்கு ஒரு துப்பு அந்தப் பள்ளத்தில் கிடக்கக்கூடும்.

எலும்பைக் கொண்டு அறியலாமே என்று தாங்கள் கேட்கலாம். நெல்லும் பயறும் ஒரு வழியிலும், தினை, சாமை, கேழ்வரகு ஆகியவை வேறொரு வழியிலும் காற்றின் கரிமத்தை ஈர்ப்பதால், உண்டவரின் எலும்புப் புரதத்தில் அந்த வேறுபாடு பதிந்திருக்கும் என்பது உண்மையே. ஆயினும் பாக்சைட் படிந்து, மழையில் கரைந்து அமிலமேறிய எங்கள் மலைமண் எலும்பை எளிதில் விட்டுவைப்பதில்லை. ஆகவேதான் மீண்டும் கேட்கிறேன்: பானையைக் கழுவாதீர்கள், சாம்பல் மண்ணைக் கொட்டாதீர்கள்.

சேலம் என்றால் இரும்பு. மேட்டூருக்கு அருகே மாங்காட்டிலும் தெலுங்கனூரிலும் கிடைத்த இரும்பின் தொன்மையை அறிந்து நாங்களும் பெருமைப்பட்டோம். ஆனால் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த புதைதாழிக்குக் கி.மு. 1155 என்ற காலத்தைக் கொடுத்தது அதனுள் இருந்த நெல். ஒரே பருவத்தில் விளைந்து முடியும் தானிய மணி, பல்லாண்டு நின்ற மரத்தின் கரியைக் காட்டிலும் காலக்கணிப்புக்கு நம்பகமானது. எங்கள் ஊர்ச் சாம்பல் அடுக்கு புதிய கற்காலத்ததா, இரும்புக்காலத்ததா என்று சொல்லியிருக்கக்கூடிய மணிகளின் மேல் இப்போது ரோடு ரோலர் ஓடிக்கொண்டிருக்கிறது. வாள் கிடைத்தால் சுற்றி நின்று படமெடுத்துக்கொள்ள எத்தனை பேர் வருகிறார்கள்! 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடி, மேடைதோறும் சாமைப் பாயசம் பரிமாறி, இது பாட்டன் பூட்டன் உண்ட உணவு என்று முழங்கினோம். பூட்டன் உண்டதற்குச் சான்று அகப்பட்டபோது அதைக் கொண்டு பள்ளம் மூடினோம். அடுத்த கோடை விழாவில் அந்தப் பள்ளத்துக்கும் ஒரு ரிப்பன் வெட்டிவிடலாம்.

வருத்தத்தில் வரம்பு கடந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். கேட்பது சிறிது. குழியின் கிழக்குப் பக்கச் சுவரில் அதே சாம்பல் அடுக்கு இன்னும் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. பானை ஓடுகளும் அதில் துருத்திக்கொண்டிருக்கின்றன. ஒப்பந்ததாரர் அடுத்த வாரம் கான்கிரீட் போட வருகிறார். அதற்குள் இப்பணியை அறிந்த ஒருவரைத் தாங்கள் அனுப்பிவைத்து, மண்ணை அடுக்கு வாரியாக எடுத்து எண்ணிட்டுத் தனித்தனி மூட்டையாகக் கட்டவும், ஓடுகளைக் கழுவாமல் பொதிந்து எடுத்துச் செல்லவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சாக்கும் தண்ணீரும் சுமக்க ஆட்களும் நாங்கள் தருகிறோம். கம்பி நார் மட்டும் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலையில் வாழும் ஒரு விவசாயி