கீழாந்தூர் மேட்டில் வீடு கட்டப்போகும் தோழிக்கு

மறையூர்,
மாசி 10

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும் வீட்டு வரைபடமும் சென்ற வாரம் வந்து சேர்ந்தன. அப்பா விட்டுச் சென்ற கீழாந்தூர் மேட்டு நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு உடுமலையை விட்டு இங்கேயே வந்துவிடப் போகிறாய் என்று படித்ததும் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. பள்ளி முடித்துப் பிரிந்த நாம் முதுமையில் மீண்டும் ஒரே மலையில் இருக்கப் போகிறோம். இங்கு அனைவரும் நலம். மூட்டுவலி மட்டும் பனிக்காலத்தில் கூடி, இப்போது குறைந்திருக்கிறது.

வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் இக்கடிதத்தை நீளமாக எழுத வேண்டும் என்று தோன்றியது. வீட்டை நிலத்தின் மேல்கோடியில், வனத்துறையின் எல்லைக் கல்லுக்கு அருகில் வைத்திருக்கிறாய். முன்திண்ணைக்குப் போதைப்புல் என்னும் மலைப்புல் வேய்ந்த கூரை, சமையலறைச் சுவரை ஒட்டி விறகுச் சாய்ப்பு, பின்புறம் வரிசையாகத் தைலமரம். கண்ணுக்கு அழகான வீடுதான். ஆனால் நம் மலையில் தை முதல் சித்திரை வரை தீ எப்படி நடக்கிறது என்பதை உடுமலையில் கழிந்த ஆண்டுகள் உனக்கு மறக்கச் செய்திருக்கலாம். மறையூர், மலைகள் தடுப்பதால் தென்மேற்குப் பருவமழை அதிகம் எட்டாத மழை மறைவுப் பகுதி என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆளுயரம் வளரும் புல், தை பிறந்ததும் காய்ந்து வைக்கோலாகிவிடுகிறது. சென்ற வியாழக்கிழமை இரவு எதிர்மலை முகட்டில் சிவப்புக் கோடு ஒன்று மெல்ல நகர்ந்ததை வாசலில் நின்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத்தில், கரும்பு வெட்டி முடிந்த வயலில் நானும் என் கணவரும் தோகைக்குத் தீ வைத்தோம். காலை பதினொரு மணி இருக்கும். வெயில் ஏறிய பிறகு காற்று பள்ளத்திலிருந்து மேல்நோக்கி வீசும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்ததுதான். ஆயினும் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், பக்கத்து வயல்காரருக்குக்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டோம். தீ வரப்பைத் தாண்டிப் புல்மேட்டில் ஏறி, அடுத்தவரின் ஆலைக்கொட்டகையில் குவித்திருந்த கரும்புச் சக்கையைப் பற்றிக்கொண்டது. ஊரே திரண்டு பச்சைக் கிளைகளை ஒடித்து மாலைவரை அடித்து அணைத்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் அந்தக் குடும்பத்தின் ஓராண்டு வெல்ல வருமானம் போயிற்று. பல ஆண்டுகள் காற்றின்மேல் பழி சொல்லிக்கொண்டிருந்தேன். நாங்கள் தேர்ந்த நேரமும் யாருக்கும் சொல்லாமல் இருந்ததும்தான் குற்றம் என்பதை இப்போது மறைக்க விரும்பவில்லை. இப்போதெல்லாம் தோகையை, வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் மறுதாம்புக் கரும்பின் பார்களுக்கு இடையே பரப்பி மட்கவிடுகிறோம்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். காப்புக்காட்டில் தீ வைப்பதும், காட்டுக்கு ஆபத்தாகும்படி தீயை அணைக்காமல் விட்டுச் செல்வதும் குற்றம் என்பது அனைவருக்கும் தெரியும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சரணாலயங்களைப் பற்றி இதையே சொல்கிறது. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 27ஆம் பிரிவு. சரணாலயத்துக்குள் குடியிருக்கும் ஒவ்வொருவரும், தமக்குத் தெரியவரும் தீயை அணைக்கவும், அருகில் எரியும் தீ உள்ளே பரவாமல் தடுக்கவும் கடமைப்பட்டவர்கள் என்று அது கூறுகிறது. அதாவது நம் பக்கத்துச் சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வாழும் பழங்குடிகளான முதுவான் குடியினரும் மலைப்புலையரும் காலங்காலமாகச் செய்துவருவதையே சட்டம் அவர்களுக்குக் கடமையாகவும் எழுதி வைத்திருக்கிறது. உன் நிலம் சரணாலயத்துக்கு வெளியே இருந்தாலும், காட்டின் விளிம்பில் குடியேறுகிறவள் என்ற முறையில் அக்கடமையில் உனக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் இச்சட்டங்கள் காட்டை நம்மிடமிருந்து காப்பதைப் பற்றியே பேசுகின்றன. நம் வீட்டைத் தீயிலிருந்து காப்பதை நாம்தான் வகுத்துக்கொள்ள வேண்டும். உன் மகள் இருக்கும் கலிஃபோர்னியாவில், தீ அபாயப் பகுதிகளில் உள்ள வீட்டைச் சுற்றி 100 அடிக்குக் காய்ந்த புல்லையும் சருகையும் அகற்றி வைப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. அங்கே 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊரையே எரித்த தீயில் 85 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மார்ச் 11ஆம் நாள்தான் நம் தேனிப் பக்கத்துக் குரங்கணி மலையில் தீ சூழ்ந்து, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த வாரம் முழுவதும் இங்கு யாருமே வேறு எதையும் பேசவில்லை.

ஆகவே உன் வரைபடத்துக்கு வருகிறேன். முதலில் வீட்டின் இடத்தை மாற்று. எல்லைக் கல்லுக்கு அப்பால் ஒரு புல்லைக்கூட நீ அறுக்க முடியாது. எனவே வீட்டைச் சுற்றிய 100 அடியும் உன் நிலத்துக்குள்ளேயே அடங்கும்படி நிலத்தின் நடுவுக்கு அதை இறக்க வேண்டும். சரிவுக்கு மேலே இருக்கும் வீட்டுக்கு ஆபத்து அதிகம், ஏனென்றால் தீயின் வெப்பம் மேட்டில் உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுவதால் அது மேல்நோக்கி மிக விரைவாக ஏறும். கீழ்ச்சரிவை மற்றப் பக்கங்களைவிட அகலமாகச் சுத்தம் செய். உன் நிலத்தில் சந்தன மரம் இருந்தால் மட்டும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் அதில் கை வைக்காதே.

அடுத்தது கூரை. காட்டுத்தீயில் பெரும்பாலான வீடுகள் நெருப்புச் சுவர் வந்து மோதி எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் பொறி ஓட்டு இடுக்கிலும், தாழ்வாரத் தகரத்தில் தேங்கிய சருகிலும், சுவரோரத்து விறகிலும் விழுந்து கனன்று, ஆட்கள் போய்விட்ட பிறகு மெல்லப் பற்றிக்கொள்கிறது. ஆதலால் புல்கூரை வேண்டாம். அதன் குளிர்ச்சியை நீ எவ்வளவு விரும்புகிறாய் என்று அறிந்தே இதைச் சொல்கிறேன். ஓடு போட்டு, இடுக்குகளைச் சாந்தால் அடைத்துவிடு. விறகுச் சாய்ப்பை வீட்டிலிருந்து 30 அடிக்கு அப்பால் கொண்டு போ. தைலமரத்தின் உரியும் பட்டை எரிந்துகொண்டே நெடுந்தொலைவு பறக்கும் என்பதால், அந்த வரிசையையும் கைவிடு. சுவரை ஒட்டிய ஐந்தடிக்கு வெறும் மண்ணோ கல்லோ மட்டும் இருக்கட்டும். உண்ணிச்செடி ஒன்றுகூட மரத்தடியில் இருக்கக் கூடாது, ஏனென்றால் தரைத்தீ அதைப் பற்றித்தான் கிளைக்கு ஏறுகிறது.

இந்த வேலையெல்லாம் தை பிறக்கும் முன் முடிந்துவிட வேண்டும். தீ தாண்டாதபடி புல்லை நீக்கி வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டும் நாட்களிலேயே நாமும் வெட்டிவிட்டால், அவர்கள் கோடும் நம் கோடும் ஒன்றுக்கொன்று உதவும். டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோளில் தெரியும் தீயைக் கைப்பேசிக்குச் செய்தியாக அனுப்புகிறது. விரும்புகிறவர் யாரும் பதிவு செய்துகொள்ளலாம். இருந்தாலும் செயற்கைக்கோள் ஒரு நாளில் சில முறைதான் நம் மலையைக் கடக்கும். வனத்துறையின் தீக்காவலரும் பக்கத்து வீட்டாரும்தான் முதலில் பார்ப்பார்கள். அவர்கள் எண்களோடு 101ஐயும் 112ஐயும் பெரிய எழுத்தில் சமையலறைச் சுவரில் எழுதி வை. தீயணைப்பு வண்டி இந்த வளைவுகளில் ஏறி வர நேரமாகும். அது வீடுவரை வந்து திரும்பும் அளவுக்காவது பாதையை அகலப்படுத்து.

இன்னொன்றையும் உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். தீ உன் தலைக்கு மேல் உயர்ந்தால் அடித்து அணைக்கப் போகாதே. திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் 2020 பிப்ரவரியில் காட்டுத்தீயை அணைக்கப் போய் உயிரிழந்த மூவரும் இத்தொழிலையே செய்துவந்த வனக் காவலர்கள். ஓட நேர்ந்தால் ஒருபோதும் மேட்டை நோக்கி ஓடாதே. பக்கவாட்டில் விலகி, ஏற்கெனவே எரிந்து கருகிய தரையையோ, பாறையையோ, ஓடையையோ சேர்.

அஸ்திவாரம் தோண்டும் முன் ஒருமுறை வா. வரும்போது அப்பாவின் பழைய நில ஆவணங்களையும் எடுத்து வா. ஓடைக்கும் உன் எல்லைக்கும் உள்ள தூரத்தை இருவரும் நடந்தே அளந்து பார்த்துவிடலாம். வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும் என்பதால் முதல் நாள் மாலையே வந்துவிடு. என் வீட்டில் தங்கலாம்.

அன்புடன்,
உன் மறையூர்த் தோழி