அப்பளக் கம்பெனி கேட்டைக் கொஞ்சம் திறந்து விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் மதுரையில் எங்கே கூட்டிப்போவது? மீனாட்சி அம்மன் கோயில், நாயக்கர் மகால், காந்தி மியூசியம் எல்லாம் இரண்டே நாளில் முடிந்துவிட்டன. அப்புறம் செல்போன்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலை, பழைய சோற்றுக்குச் சுட்ட அப்பளத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இத யாரு இவ்வளவு வட்டமா வெட்டுறா?" என்று ஒன்பது வயதுப் பேரன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. 31 வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். சிந்தாமணிப் பக்கம் ஏறிய எத்தனையோ அப்பள மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்திருக்கிறேன். ஒரு நாள்கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. சரி, வாங்கடா என்று கை கழுவிய ஈரத்தோடு கிளம்பிவிட்டோம். வீட்டம்மா, மகள், பேத்தி மூவருக்கும் மகளிர் இலவசம். டிக்கெட் எடுத்தது நானும் பேரனும் மட்டும்.

முதலில் போய் நின்றது ஒரு பெரிய கம்பெனி வாசலில். "பெர்மிஷன் லெட்டர் இருக்கா?" என்றார் வாட்ச்மேன். அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவர் வேலை அது. ஆனால் லெட்டர் யாரிடம் வாங்குவது என்று கேட்டால் அதுவும் அவருக்குத் தெரியவில்லை. கத்திரி வெயிலில் கால் மணி நேரம் நின்றதுதான் மிச்சம்.

திரும்பும்போது சந்துக்குள் ஒரு தகரக் கொட்டகை. "பிள்ளைகள ஏன்யா வெயில்ல நிப்பாட்டி வச்சிருக்கீங்க, உள்ள வாங்க" என்று ஓர் அம்மா கூப்பிட்டார். அங்கே கிடைத்தது பேரனுக்குப் பதில். உளுந்து மாவில் உப்பும் அப்பளக்காரமும் போட்டு இறுகப் பிசைகிறார்கள். அதை மிஷின் தகடாகத் தேய்க்கிறது, அடுத்து வட்ட வட்டமாக வெட்டுகிறது. வெட்டியது போக மிஞ்சும் ஓரமெல்லாம் மறுபடி மாவோடு சேர்ந்துவிடுகிறது. உளுந்து பர்மாவிலிருந்து கப்பலில் வருகிறது என்றதும் பேத்தி வாயைப் பிளந்தாள்.

உள்ளே ஃபேன் ஓடவில்லை. கரண்ட் இல்லையா என்று கேட்டேன். "ஃபேன் போட்டா ஓரம் சுருண்டுரும்யா" என்றார்கள். அந்தப் புழுக்கத்தில்தான் எட்டுப் பெண்கள் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கூலி எண்ணிக்கைக் கணக்கில். டிக்கெட் கட்டைப் பெருவிரலால் தள்ளியே பழகிய கை என்னுடையது. அவர்கள் அப்பளம் எண்ணுகிற வேகம் என் கண்ணுக்கே பிடிபடவில்லை.

வெளியே காய வைப்பதும் ஒரு வித்தைதான். ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும், அதிகம் காய்ந்தால் நொறுங்கும். உள்ளே மிஞ்சுகிற துளி ஈரம் எண்ணெய்ச் சூட்டில் ஆவியாகும்போதுதான் அப்பளம் உப்புகிறது. வழியெல்லாம் வெயிலைத் திட்டிக்கொண்டே வந்தேன். "மழ பேஞ்சா எங்களுக்கு அன்னைக்குக் கூலி இல்லைய்யா" என்று அந்த அம்மா சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன்.

என் கோரிக்கை சின்னது. மே மாதத்தில் வாரம் ஒரு காலை, ஒரே ஒரு மணி நேரம், பெரிய அப்பளக் கம்பெனிகளும் பால் பண்ணைகளும் மாவு மில்களும் பிள்ளைகளை உள்ளே விடலாம். தலைக்குத் தொப்பி மாட்டச் சொல்லுங்கள், செருப்பை வெளியே விடச் சொல்லுங்கள், கட்டணம்கூட வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நாள், யாரிடம் பெயர் கொடுப்பது என்பதை மாவட்ட நிர்வாகம் பத்திரிகைகளில் அறிவித்தால் போதும்.

அந்தக் கொட்டகையின் பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம். நாளைக்கே ஐம்பது குடும்பம் அந்தச் சந்தில் போய் நின்றால், எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்கும் அந்தப் பெண்களுக்குத்தான் நஷ்டம்.

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
பழங்காநத்தம், மதுரை.