தண்டனை முடிஞ்சவங்களுக்கு லைசென்ஸ்

ஆசிரியருக்கு, ஜெயில் தண்டனை முடிச்சவங்க தொழில் லைசென்ஸ் கேட்டு அலையுறது பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்தியப் படிச்சேன். வக்கீலா பதிவு பண்றதுக்கே 1961 வழக்கறிஞர் சட்டம் 24ஏ பிரிவுல, ஒழுக்கக்கேடான குற்றத்துல தண்டனை வாங்கினவருக்கும் விடுதலையாகி 2 வருஷம் போனா அந்தத் தடை விலகிடும்னு இருக்கு, ஆனா எங்க மண்டபம் பக்கம் பழைய அடிதடி கேஸ்ல உள்ள போயிட்டு வந்த தம்பி ஒருத்தன், ராமேஸ்வரத்துல ஆட்டோ ஓட்ட பேட்ஜ் கேட்டா ‘உன் மேல கேஸ் இருந்துச்சுல்ல’ன்னு வாய்வார்த்தையாவே திருப்பி விடுறாங்க, எழுத்துல எதுவும் தர்றதில்ல (தந்தா அப்பீல் போயிருவான்ல), இன்னும் போட்டுக்கு ஐஸ் ஏத்திக்கிட்டு இருக்கான்.

பிள்ளைங்க மேல கை வச்ச கேஸ்னா வேற, அதுல தயவே வேணாம். மத்ததுக்கு, எந்தக் குற்றத்துக்கு எத்தன வருஷம் தடைன்னு விண்ணப்பத்துலயே அச்சடிக்கட்டும், மறுத்தா ஒரு மாசத்துக்குள்ள காரணத்த எழுதிக் குடுக்கட்டும்.

– ஒரு வாசகர், மண்டபம்