வாத்து நிலம் விற்கும் தரகர்களுக்கு: அச்சாரத்துக்கு முன்னால் பத்திரத்தைக் காட்டுங்கள்

அமெரிக்காவின் ஆர்கன்சா, மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களில் வேட்டை நிலம் விற்றுக்கொடுக்கும் மதிப்பிற்குரிய தரகர்களுக்கு,

வணக்கம். வாத்து வேட்டைப் பருவம் ஜனவரி கடைசியில் முடிந்த கையோடு உங்கள் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை எங்களை எழுத வைத்தது அவற்றில் ஒன்று. "160 ஏக்கர். மீட்டெடுத்த ஈரநிலம். மக்காச்சோளம் போட்டுத் தண்ணீர் கட்டலாம். கரை மேல் குடில் கட்ட அருமையான இடம்." அந்த நிலத்தின் மேல் மத்திய அரசுக்கு நிரந்தர ஈஸ்மென்ட் (இன்னொருவர் நிலத்தின் மேல் பத்திரம் பதிந்து வாங்கிய உரிமை) இருக்கிறது என்ற செய்தி, கடைசி வரியில் "டபிள்யூ.ஆர்.பி." என்ற மூன்று எழுத்தாகக் கிடந்தது. அந்த மூன்று எழுத்துக்கும் மேலே சொன்ன சோளத்துக்கும் குடிலுக்கும் ஒத்துவராது. வாங்க வருகிறவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஈஸ்மென்ட் உள்ள நிலத்தை விற்கும்போது, பதிவான ஈஸ்மென்ட் பத்திரத்தையும் அதன் எல்லை வரைபடத்தையும், நிலத்துக்கான செயல்திட்டத்தையும், நடப்பில் இருக்கும் அனுமதிக் கடிதங்களையும் அச்சாரம் வாங்குவதற்கு முன்னால் கையில் கொடுங்கள். பின்னால் கொடுப்பதில் பயனில்லை.

பின்னணி உங்களுக்குப் புதிதல்ல. டபிள்யூ.ஆர்.பி. என்பது ஈரநிலக் காப்புத் திட்டம், 1990ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டத்தில் பிறந்தது. 2014இல் வேறு இரண்டு திட்டங்களோடு சேர்த்து வேளாண் பாதுகாப்பு ஈஸ்மென்ட் திட்டம் ஆனது. வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புப் பிரிவான என்.ஆர்.சி.எஸ். நடத்துகிறது. அடிக்கடி வெள்ளம் ஏறிச் சோயாவும் நெல்லும் நஷ்டம் தந்த தாழ்நிலங்களைத்தான் உடைமையாளர்கள் இதில் சேர்த்தார்கள். நிரந்தர ஈஸ்மென்ட்டுக்கு அரசு பணம் கொடுத்தது. கரை போடவும் மதகு வைக்கவும் கன்று நடவும் செலவு செய்தது. அதற்கு ஈடாக உடைமையாளர் கொடுத்தது பயிர் செய்யும் உரிமையை. ஒருமுறை விலைக்குக் கொடுத்துக் காசு வாங்கியாகிவிட்ட உரிமையை இரண்டாவது ஆளிடம் மறுபடி விற்பதுபோல் விளம்பரம் எழுதுவது முறையா?

இந்தப் பத்திரம் மற்றப் பத்திரங்களைப்போல் படிக்க வேண்டியதல்ல. சாதாரண ஈஸ்மென்ட்டில் எதை விட்டுக்கொடுத்தோம் என்று எழுதியிருக்கும், எழுதாதது நம்முடையது. இதில் தலைகீழ். உடைமையாளருக்கு மிஞ்சியவை மட்டும் பட்டியலாக இருக்கும்: நிலத்தை அனுபவிப்பது, யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பது, வேட்டை, மீன்பிடி போன்ற கட்டுமானமில்லாத பொழுதுபோக்கு, நிபந்தனைகளோடு நிலத்தடிக் கனிமங்கள், தண்ணீர் உரிமையில் ஒரு பங்கு. பட்டியலில் இல்லாத எல்லாம் அமெரிக்க அரசுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு தடைகள் வரும்: விதைப்பது, அறுப்பது, புல் வெட்டுவது, உழுவது, மேய்ப்பது, மரம் வெட்டுவது, கட்டடம் வைப்பது, மண் நிரப்புவது, கரை போடுவது, பம்பு வைத்து இறைப்பது, மதகில் கைவைப்பது. சொத்து வரி மட்டும் முழுக்க உடைமையாளர் தலையில். வேட்டையைக் குத்தகைக்கு விடலாம். அது மிஞ்சிய உரிமைக்குள் வருகிறது. வாத்துக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து சுடும் மறைவிடம் வைக்கலாம், ஆனால் அந்த வட்டாரத்தில் வழக்கமான எளிய மறைவிடமாக இருக்க வேண்டும். படுக்கையும் அடுப்பும் உள்ள குடில் அந்தக் கணக்கில் வராது.

வாங்கியவர் எங்கே மாட்டிக்கொள்கிறார் என்பதைத் தண்ணீரிலிருந்து சொல்கிறோம். இந்த நிலங்களின் உயிர் அங்கேதான்.

நீங்கள் போடும் புகைப்படம் பெரும்பாலும் ஜனவரி வெள்ளத்தில் எடுத்தது. மழை பெய்து ஆறு ஏறிய மாதத்தில் எந்தத் தாழ்நிலமும் வாத்து நிலம்போல்தான் தெரியும். வாங்கியவருக்குத் தண்ணீர் வேண்டியது நவம்பர் நடுவில். கரை கட்டித் தண்ணீர் தேக்கும் 40 ஏக்கர் பாத்தி ஒன்றில் சராசரி 10 அங்குலம் கட்ட வேண்டும் என்று வையுங்கள். ஓர் ஏக்கரில் ஓரடி உயரத் தண்ணீர் 3,25,851 கேலன். ஆக வேண்டியது 1 கோடியே 8 லட்சம் கேலனுக்கு மேல். நிமிடத்துக்கு 1,500 கேலன் இறைக்கும் பம்பு இரவும் பகலும் ஐந்து நாள் ஓட வேண்டும். காய்ந்து வெடித்த களிமண் குடிப்பதும் கரை கசிவதும் இதில் சேரவில்லை. டீசல் யார் கணக்கு, கிணறு யாருடையது, இறைக்க அனுமதி உண்டா, ஆர்கன்சாவின் கிராண்ட் பிரெய்ரி போல நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகும் பகுதியா என்ற நான்கு கேள்விக்கும் உங்கள் விளம்பரங்களில் விடை இருப்பதில்லை.

அடுத்தது மதகு. இருபது வருடத்துக்கு முன் புதைத்த நெளிதகரக் குழாய் தண்ணீர் மட்டத்தையொட்டித்தான் முதலில் துருப்பிடிக்கும். தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்க மதகில் செருகும் பலகையை எல்லாம் எடுத்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் ஓட்டை தெரியும். குழாய்க்கு நேர் மேலே கரை முகட்டில் சிறு பள்ளம் விழுந்திருந்தால் குழாயை ஒட்டி மண் அரித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். பெருவெள்ளம் ஒன்று வந்தால் அந்த இடத்தில் கரை உடையும். கரையின் அடிவாரம் கோடையிலும் ஈரமாக இருந்தால் மஸ்க்ராட் என்ற நீர்எலி வளை தோண்டியிருக்கலாம். அணை கட்டும் விலங்கான பீவர் வந்தால் மதகு வாயையே குச்சியும் சேறும் வைத்து அடைத்துவிடும். வசந்தத்தில் வடிய வேண்டிய தண்ணீர் வடியாது. உரிய காலத்தில் மெதுவாக வடித்தால்தான் வாத்து தின்னும் விதை தரும் காட்டுக் குதிரைவாலியும் ஸ்மார்ட்வீடும் நன்றாக முளைக்கும். காலம் தப்பி ஒரேயடியாக வடித்தால் மருளூமத்தை, செஸ்பேனியா போன்ற களைகள் மண்டும். சில வருடம் உழாமல் விட்டால் வில்லோ மரம் வந்து பாத்தியையே காடாக்கிவிடும்.

இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவைதான். ஆனால் சொந்த நிலம்தானே என்று டிராக்டரில் தட்டுக் கலப்பையை மாட்டிக்கொண்டு இறங்க முடியாது. பலகையை எந்தத் தேதியில் போடுவது, எந்தத் தேதியில் எடுப்பது என்பது செயல்திட்டத்தில் இருக்கிறது. உழவுக்கும், புல்வெட்டுக்கும், சிறு தீவனப் பாத்திக்கும் ஒத்திசைவுப் பயன்பாட்டு அனுமதி வேண்டும். ஈரநிலத்துக்கு நன்மை என்று என்.ஆர்.சி.எஸ். கருதினால் கொடுக்கும், குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும், திரும்பவும் எடுத்துக்கொள்ளும். அது நிலத்தோடு போகும் உரிமை அல்ல. முந்தைய உடைமையாளர் வாங்கிய அனுமதியைக் காட்டி "சோளம் போடலாம்" என்று எழுதுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். புதியவர் தன் பெயரில் கேட்க வேண்டும். கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அனுமதியே இல்லாமல் முந்தையவர் செய்துவைத்தவை இதைவிடக் கொடுமை. உயர்த்திய கரை, ஜல்லி கொட்டிய வண்டித்தளம், ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. விளம்பரத்தில் இவை "மேம்பாடுகள்". பத்திரத்தின்படி இவை மீறல்கள். அடுத்த ஆய்வில் கண்ணில் பட்டால், அன்று நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் கடிதம் வரும். கொட்டகைக்கும் சேர்த்து விலை கொடுத்தவர், அதைப் பிரித்தெடுக்கவும் கைக்காசு போட வேண்டும். இதைப் பற்றி எழுதும்போது எங்களால் குரலைத் தணித்துப் பேச முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி எல்லாம் சொல்லியாயிற்று என்று நீங்கள் பதில் சொல்லலாம். நிலத்தின் உரிமைக்குக் காப்பீடு தரும் நிறுவனம் கொடுக்கும் ஆவணத்தின் விதிவிலக்குப் பட்டியலில் ஈஸ்மென்ட் இருக்கத்தான் செய்கிறது: பதிவுப் புத்தக எண், பக்க எண், ஒரே வரி. அந்த ஆவணம் கைக்கு வரும்போது அச்சாரம் கட்டி ஆய்வுக் காலத்தில் பாதி போயிருக்கும். கவுண்டி (லூசியானாவில் பாரிஷ்) பதிவு அலுவலகத்தில் நகல் எடுத்து, தடைப் பத்தியை வழக்கறிஞரிடம் படித்துக் கேட்டு, என்.ஆர்.சி.எஸ். அலுவலகத்தில் கோப்பு பார்ப்பதற்குள் மீதிப் பாதியும் போய்விடும். அதன் பிறகு பின்வாங்கினால் அச்சாரம் திரும்பாது. வில்லங்கத்தை மறைக்கவில்லை என்பது உண்மைதான். பார்க்க நேரம் இல்லாதபடி காட்டினீர்கள் என்பதும் உண்மை. ஆகவே மறுபடியும் கேட்கிறோம்: பத்திரம் அச்சாரத்துக்கு முன்னால்.

மரங்களைப் பற்றியும் ஒரு சொல். இந்த நிலங்களில் பெரும்பகுதி 12 அடிக்கு 12 அடி இடைவெளியில், ஏக்கருக்கு 302 கன்று கணக்கில், 'நட்டல் ஓக்', 'வில்லோ ஓக்' போன்ற ஓக் மர வகைகள் நடப்பட்டவை. 160 ஏக்கரில் திறந்த நீர்ப்பாத்தி 30 ஏக்கர்கூட இல்லாமல் போகலாம். மீதி எல்லாம் இளமரப் புதர். வாத்து இறங்க இடைவெளி கிடையாது, வெட்டவும் கூடாது. அதை "வெள்ளம் நிற்கும் ஓக் காடு" என்று விற்காதீர்கள். இலையுதிர்ந்து மரம் உறங்கும் முன்பே தண்ணீர் கட்டினாலும், வசந்தத்தில் வடிக்காமல் விட்டாலும், அந்த ஓக்குகள் சில வருடங்களில் பட்டுப்போகும். ஏக்கர் கணக்கை மரம், பாத்தி, ஈஸ்மென்ட்டுக்கு வெளியே உள்ள துண்டு என்று பிரித்துப் போடுங்கள். அந்த வெளித்துண்டு இரண்டு ஏக்கரே இருந்தாலும் குடிலும் மின்சாரமும் அங்கேதான் வர முடியும். விலையில் அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

"தினை விதைத்து அடித்துப்போட்ட பாத்தி" என்றும் சில விளம்பரங்கள் பெருமையாகச் சொல்கின்றன. தானாக முளைத்த புல்லைச் சாய்த்து நீர் கட்டி வேட்டையாடலாம். விதைத்த தினையை அதே ஆண்டில் சாய்த்து, சிந்திய மணியின் மேல் சுட்டால், சட்டப்படி அது வாத்தை ஈர்க்க இரையிட்ட நிலம், அங்கே வேட்டை குற்றம். மணி முழுக்க நீங்கிய பிறகும் 10 நாள் அங்கே வாத்து சுடக் கூடாது. மக்காச்சோளத்துக்கும் அப்படியே: நிற்கும் பயிரில் தண்ணீர் கட்டலாம், சாய்த்துவிட்டுக் கூடாது. தெரியாமல் செய்தேன் என்றால் போதாது, தெரிந்திருக்க வேண்டியவர் என்றாலே குற்றம். அந்த வழக்கு உங்கள் மேல் வராது, துப்பாக்கி பிடித்தவர் மேல் வரும்.

நல்ல ஈரநிலத்துக்குப் பொய் தேவையில்லை என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறோம். 6 முதல் 10 அங்குலத் தண்ணீரில் காட்டுப் புல்விதையும் நீர்ப்புழுவும் நிறைந்த பாத்திக்கு மல்லார்ட் வாத்தும், அதைவிட ஆழம் குறைந்த ஓரத்துக்குக் கிளுவை என்ற சிறு வாத்தும், சோளமில்லாமலே வரும். அதை வாங்க மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள். 30 ஆண்டு ஈஸ்மென்ட்டா, நிரந்தரமா என்று தெரிந்து, மதகுக் குழாயைப் பார்த்து, அதற்கேற்ற விலை சொல்லி வாங்குவார்கள்.

தயவுசெய்து அடுத்த விளம்பரத்தில் பத்திரப் பதிவு எண்ணையும், ஈஸ்மென்ட்டின் வகையையும், மதகில் பலகை போடும், எடுக்கும் தேதிகளையும் முதல் பத்தியிலேயே போடுங்கள். நிலம் பார்க்க வருகிறவரிடம் பத்திர நகலைக் கொடுத்துப் படிக்க ஒரு வாரம் விடுங்கள். அச்சாரத்தை அதற்குப் பிறகு கேளுங்கள்.

நன்றியுடன்,
கரையும் மதகும் பார்க்கத் தெரிந்த சிலர்