அந்தப் பையனிடம் மறுபடி பேசு

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை இரண்டு நாளாக மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றே பதில் சொல்லியிருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும். நம் இரண்டு பேருக்கும் குரல் சீக்கிரம் ஏறிவிடும். அதனால் எழுதுகிறேன்.

பரிணாமப் பாடம் நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, "இது எங்கள் வேதத்துக்கு எதிரானது சார், நான் இதைப் பரீட்சையில் எழுத மாட்டேன்" என்றிருக்கிறான். "ஒன்று இதை ஒத்துக்கொள், இல்லாவிட்டால் உன் கடவுளைக் கட்டிக்கொண்டு போ, இரண்டும் ஒன்றாக வராது" என்று நீ சொல்லியிருக்கிறாய். வகுப்பு சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து அவன் உன் வகுப்பில் வாயே திறப்பதில்லை. "நான் சொன்னதில் என்னம்மா தப்பு?" என்று கேட்டாய். அதோடு விடவில்லை. "முப்பது வருஷம் இதே பாடத்தை நடத்தினாய், வீட்டுக்கு வந்து கும்பிடவும் செய்தாய். அதில் எது நடிப்பு?" என்றாய்.

உன் தப்பைச் சொல்வதற்கு முன்னால் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அது உன்னுடையதைவிட மோசம். வேலையில் சேர்ந்த முதல் சில வருஷங்கள் அந்தப் பாடம் வந்தாலே எனக்கு உதறல். ஏதாவது ஒரு வீட்டிலிருந்து புகார் வரும், தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிடுவார்கள் என்ற பயம். அதனால் பாடத்தை வேகவேகமாக ஓட்டிவிட்டு, "பரீட்சைக்கு எழுதினால் போதும், யாரும் நம்ப வேண்டும் என்று இல்லை" என்று சொல்லி முடித்துவிடுவேன். ஒரு வருஷம் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் நிதானமாகக் கேட்டாள்: "அப்போ போன வாரம் நடத்தின செல் பாடமும் அப்படித்தானா டீச்சர்?" என்னிடம் பதில் இல்லை. மணி அடித்தது, தப்பித்தேன். அந்தக் கேள்விக்காகத்தான் அந்தக் கோடை விடுமுறை முழுக்க டார்வினைப் படித்தேன்.

படித்தபோது முதலில் ஆச்சரியப்படுத்தியது, அந்த ஆள் பாதிரியாராகப் போயிருக்க வேண்டியவர் என்பது. எடின்பரோவில் மருத்துவம் பிடிக்காமல் பாதியில் விட்டார். அப்பா அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியதே தேவாலயப் பணிக்குத் தயார் செய்யத்தான். அங்கே வில்லியம் பேலி எழுதியதை ரசித்துப் படித்தார். வழியில் கிடக்கும் கடிகாரத்தைப் பார்த்தால் அதைச் செய்தவன் ஒருவன் உண்டு என்று தெரியும் அல்லவா, அதுபோல உயிர்களின் அமைப்பைப் பார்த்தால் படைத்தவனைத் தெரியும் என்பது பேலியின் வாதம். பின்னாளில் அந்த வாதத்தை உடைத்தவர் இளம் வயதில் அதன் பரம ரசிகர்.

1831 டிசம்பரில், 22 வயதில், பீகிள் கப்பலில் ஏறினார். திரும்பி வர ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆனது. கலாபகஸ் தீவுகளில் குருவிகளைப் பார்த்தார், சட்டென்று உண்மை பளிச்சிட்டது என்று நானும் வகுப்பில் கதை விட்டிருக்கிறேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எந்தக் குருவியை எந்தத் தீவில் பிடித்தோம் என்று பலவற்றுக்கு அவர் சரியாகக் குறித்துக்கூட வைக்கவில்லை. அவை எல்லாமே ஃபிஞ்ச் வகையைச் சேர்ந்த தனித்தனி இனங்கள் என்று 1837 தொடக்கத்தில் லண்டனில் பிரித்துச் சொன்னவர் பறவையியலாளர் ஜான் கூல்ட். தன் நோட்டுப் புத்தகத்தைச் சரியாக வைத்துக்கொள்ளாத பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குக் கடைசிவரை குழப்பம்தான்.

1838-இல் மால்தஸ் மக்கள்தொகை பற்றி எழுதியதைப் படித்தபோதுதான் அவருக்குப் பிடி கிடைத்தது. பிறப்பவை எல்லாம் பிழைக்க வழியில்லை. ஒன்றுக்கொன்று சின்னச் சின்ன வித்தியாசத்தோடு பிறக்கின்றன. இருக்கும் சூழலுக்குத் தோதான வித்தியாசம் உள்ளவை கொஞ்சம் அதிகமாகக் குட்டி போடுகின்றன. அந்த வித்தியாசம் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. இதற்குப் போதுமான காலத்தைக் கொடு. இயற்கைத் தேர்வு என்பது அவ்வளவுதான். ஆனால் அதை அச்சில் ஏற்ற அவர் 1859 நவம்பர் வரை எடுத்துக்கொண்டார். நடுவில் எட்டு வருஷம் பார்னக்கிள் என்ற சின்னக் கடல் உயிரினங்களைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். 1844-இல் நண்பர் ஹூக்கருக்கு, இனங்கள் மாறாதவை அல்ல என்று சொல்வது கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்று எழுதினார். கிழக்கிந்தியத் தீவுகளில் காய்ச்சலில் கிடந்த வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர், அதே யோசனையைத் தானாகவே கண்டுபிடித்து 1858-இல் அவருக்கே எழுதி அனுப்பியிருக்காவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் தள்ளிப் போட்டிருப்பாரோ. வாலஸ் 14 வயதில் பள்ளியை விட்டவர். அவரைப் பற்றிச் சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும், சொல்லிப் பார்.

இப்போது உனக்காகவே சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன். மதத்தோடு டார்வினுக்கு வந்த முதல் சிக்கல் எந்தச் சபையிலும் வரவில்லை. வீட்டுக்குள் வந்தது. அவர் மனைவி எம்மா ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர். சந்தேகங்கள் இருந்தால் மனைவியிடம் மறைத்துவிடு என்று டார்வினின் அப்பா புத்தி சொல்லியிருந்தார். டார்வின் கேட்கவில்லை, கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். 1839-இல், கல்யாணமான புதிதில், எம்மா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டுதான்! நிரூபிக்காத எதையும் நம்புவதில்லை என்ற உங்கள் அறிவியல் பழக்கம், அந்த வழியில் நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்பது அதன் சாரம். அந்தக் கடிதத்தை டார்வின் கடைசிவரை வைத்திருந்தார். அதன் அடியில், நான் இறந்த பிறகு தெரிந்துகொள், இதைப் பல முறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

1844-இல் தன் கொள்கையை நீண்ட கட்டுரையாக எழுதி முடித்ததும், நான் திடீரென்று இறந்துபோனால் 400 பவுண்டு செலவழித்து இதை வெளியிட ஏற்பாடு செய் என்று ஒரு கடிதம் எழுதி வைத்தார். யாருக்கு? எம்மாவுக்குத்தான். எம்மாவும் அந்தக் கட்டுரையைப் படித்தார். கண் எப்படிப் படிப்படியாக உருவாகியிருக்கும் என்று சொல்லும் இடத்தில், இது பெரிய அனுமானம் என்று ஓரத்தில் குறித்தும் வைத்தார். 1851-இல் அவர்களுடைய மகள் ஆனி பத்து வயதில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு டார்வினிடம் மிச்சமிருந்த நம்பிக்கையும் கரைந்துபோனது என்று சொல்வார்கள். எம்மாவின் நம்பிக்கை கரையவில்லை. ஒரே துக்கம், ஒரே வீடு. அப்படியே 43 வருஷம் வாழ்ந்தார்கள்.

நீ அந்தப் பையனிடம் சொன்ன "இரண்டும் ஒன்றாக வராது" என்பதை டார்வினே ஏற்கவில்லை, தெரியுமா? 1879-இல் ஒருவர் கேட்டதற்கு, ஒருவர் தீவிர ஆத்திகராகவும் பரிணாமத்தை ஏற்பவராகவும் இருக்க முடியும் என்பதில் சந்தேகமே இல்லை என்று பதில் எழுதினார். உதாரணத்துக்குப் பாதிரியார் கிங்ஸ்லியையும் தாவரவியலாளர் ஏசா கிரேயையும் காட்டினார். அவர் தன்னை அறியொணாவாதி, அதாவது கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர் என்றுதான் சொல்லிக்கொண்டார். இருந்தும் அடுத்தவருக்குக் கதவைச் சாத்தவில்லை. ஆனால் எல்லாரும் இப்படிச் சமாதானமாகப் போனார்கள் என்று நினைத்துவிடாதே. 1860-இல் டார்வினின் கொள்கை விவாதத்துக்கு வந்த ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் பைபிளைத் தூக்கிப் பிடித்து, மனிதனை விட்டுக் கடவுளை நம்புங்கள் என்று கத்தியவர் யார் என்று நினைக்கிறாய்? பீகிள் கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய்.

சண்டை பள்ளிக்கூடத்துக்குள் வந்தது பிறகுதான். நீ அடிக்கடி பேசும், அமெரிக்காவில் நடந்த 1925 டென்னசி வழக்கையே எடுத்துக்கொள். மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிக்கக் கூடாது என்று சட்டம். டேட்டன் என்ற சிறிய ஊரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் மேல் வழக்கு, 100 டாலர் அபராதம். இதில் வேடிக்கை, அவர் பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்ட பரிணாமம் உள்ள புத்தகத்தை அங்கீகரித்ததே அந்த மாநில அரசுதான்! அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் கூடிப் பேசி, ஊருக்குப் பெயர் வரட்டும் என்று அவரைக் கேட்டுச் சம்மதிக்க வைத்து வழக்கில் நிறுத்தினார்கள். பரிணாமத்தை உண்மையிலேயே நடத்தினோமா என்று அவருக்கே நிச்சயமாக நினைவில்லை.

அந்தக் கதையில் அரசுத் தரப்பில் வாதாடிய பிரையனைக் கோமாளியாகவே நீ சொல்வாய். மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்ற மனிதர். நிலவியல், பூமியின் வயது என்று வந்தபோது அவர் சொன்னது தப்புதான், எதிர்த் தரப்பு வக்கீல் டாரோ அவரைக் கூண்டில் ஏற்றிக் கிழித்ததும் நியாயம்தான். ஆனால் வல்லவன் வாழ்வான் என்பதை மனிதர்களுக்குப் பொருத்தினால் ஏழைகளும் பலவீனமானவர்களும் என்ன ஆவார்கள் என்று அவர் பயந்தார். அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. அதே பாடப்புத்தகத்தில் மனித இனங்களை வரிசைப்படுத்தி வெள்ளையரை உச்சியில் வைத்திருந்தார்கள். சிலர் பிள்ளை பெறாமல் தடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். அறிவியல் புத்தகம் என்ற பெயரில்! டார்வினின் கொள்கையிலிருந்து அது வரவில்லை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அன்றைக்கு அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஒரு அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

தீர்ப்பு 1927-இல் ஒரு தொழில்நுட்பக் காரணத்தால் ரத்தானது. சட்டம் 1967 வரை இருந்தது. அதைவிடப் பெரிய நஷ்டம், தகராறு எதற்கு என்று பதிப்பாளர்கள் பரிணாமம் என்ற வார்த்தையையே சத்தமில்லாமல் பாடப்புத்தகங்களிலிருந்து எடுத்துவிட்டதுதான். தடைச் சட்டத்தைவிடத் தயக்கம்தான் அதிகம் கெடுத்தது. அந்தத் தயக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

இன்றைக்கும் அது வேறு உடையில் வருகிறது. 2017-இல் துருக்கி பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது, மாணவர்களுக்கு இது இன்னும் புரியாது என்றார்கள். 2023-இல் இந்தியாவில் என்சிஇஆர்டி 10-ஆம் வகுப்புப் புத்தகத்திலிருந்து அந்தப் பகுதியை நீக்கியபோது பாடச்சுமை என்றார்கள். 12-ஆம் வகுப்பில் இருக்கிறதே என்றார்கள், பத்துக்குப் பிறகு உயிரியல் எடுக்காத பிள்ளை அதைப் பார்க்கவே போவதில்லை என்பதைச் சொல்லவில்லை. தப்பான பாடம் என்று யாரும் சொல்வதில்லை, கனமாக இருக்கிறது என்று இறக்கி வைத்துவிடுகிறார்கள்.

ஆகவே பாடத்தில் ஒரு இம்மிகூடக் குறைக்காதே. அதில் நான் உன் பக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டோவர் என்ற ஊரில், பரிணாமம் ஒரு தியரிதான், உறுதியான உண்மை இல்லை என்று ஓர் அறிவிப்பை வகுப்பில் வாசிக்கச் சொன்னது பள்ளி நிர்வாகக் குழு. அறிவியல் ஆசிரியர்கள் மாட்டோம் என்றார்கள். கடைசியில் நிர்வாகிகள்தான் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். 2005-இல் வழக்கு நடந்தது. உயிர்களை ஓர் அறிவு வடிவமைத்தது என்று சொல்லும் ஒரு புத்தகத்தைக் குழு சிபாரிசு செய்திருந்தது. அதன் பழைய வரைவுகளை நீதிமன்றத்தில் காட்டினார்கள். 'படைப்புவாதிகள்' என்று இருந்த இடங்களில் எல்லாம் 'வடிவமைப்பை ஆதரிப்பவர்கள்' என்று மாற்றியிருந்தார்கள். ஒரு வரைவில் பழைய சொல்லைப் பாதி அழித்து, அதற்குள்ளேயே புதியது ஒட்டிக்கொண்டிருந்தது. மாணவன் காப்பியடித்ததைப் பிடிப்பது போலப் பிடித்தார்கள்! அந்த வடிவமைப்புக் கருத்து அறிவியல் இல்லை, மதம்தான் என்று தீர்ப்புச் சொன்ன நீதிபதியோ குடியரசுக் கட்சிக்காரரான ஜனாதிபதி புஷ் நியமித்தவர். அன்று வாசிக்க மறுத்த அந்த ஆசிரியர்களை நினைத்தால் எனக்கு என் முதல் சில வருஷங்கள் ஞாபகம் வந்து கூசும்.

சரி, அந்தப் பையனுக்கு வருவோம். அவனிடம் தனியாகப் பேசு, வகுப்பு முன்னால் வேண்டாம். முதலில் சிரிக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேள். அப்புறம் சொல்: நீ எதை நம்புகிறாய் என்பதற்கு நான் மதிப்பெண் போடுவதில்லை, அறிவியல் என்ன சொல்கிறது, எதை வைத்துச் சொல்கிறது என்பது உனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண். நான் அந்தக் காலத்தில் சொன்னதும் இதுவும் ஒன்றுபோலத் தெரியும். இல்லை. நான் ஆதாரத்தைக் காட்டாமல் ஓடினேன். நீ ஆதாரத்தை எடுத்து அவன் கையில் கொடு. குரோமோசோமைக் காட்டு. மனிதனுக்கு 23 ஜோடி, சிம்பன்சிக்கு 24. ஒரு ஜோடி எங்கே போனது என்று அவனையே கேட்க விடு. நம்முடைய இரண்டாவது குரோமோசோமின் நடுவில், முனைகளில் மட்டும் இருக்க வேண்டிய தொடர் இருக்கிறது, இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிய தழும்பு மாதிரி. குரங்கிலிருந்து வந்தோமா என்று அவன் கேட்டால், இல்லை, ஒரே பாட்டனுக்குப் பிறந்த பங்காளிகள் என்று சொல். அதற்கு மேல் அவன் மனதில் என்ன நடக்கிறது என்பது அவன் வேலை.

அவன் வீட்டில் யாரோ ஒருவர், இதைப் படித்தால் பிள்ளை நம்மை விட்டுப் போய்விடுவான் என்று பயந்துகொண்டிருப்பார். நீ கல்லூரியில் சேர்ந்து, கும்பிடுவதை விட்ட வருஷம் எனக்கும் அந்தப் பயம் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. இயற்கைத் தேர்வை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான், யாரைக் குறை சொல்ல?

எது நடிப்பு என்று கேட்டாயே. இரண்டும் இல்லை கண்ணா. உயிர்கள் எப்படி இத்தனை விதமாக ஆயின என்பதற்கு டார்வின் சொன்னதைவிட நல்ல பதிலை நான் எங்கும் பார்க்கவில்லை. கைகூப்பி நிற்கும்போது நான் அந்தக் கேள்வியைக் கேட்பதும் இல்லை. பெரும்பாலும் உன்னைப் பற்றித்தான் கேட்கிறேன். இது அனுமானம் என்று ஓரத்தில் நீ எழுதிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

இந்தக் கடிதத்தை முத்தமிட்டு அழ வேண்டாம். அந்தப் பையன் என்ன சொன்னான் என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிச் சொல், போதும்.

அன்புடன்,
அம்மா